நல்லூரானுக்கு ஒரு கறுத்தக்கொழும்பான்

ஆடி பிறந்ததும் எங்கள் வளவு மாமரத்தில் அம்மா ஒரு காயைக் குறித்து வைத்துவிடுவார். அணிலும் வௌவாலும் இன்னும் கண்டுபிடிக்காத காய். பழைய வேட்டித் துணியில் பை தைத்து அதற்குக் கட்டிவிடுவது என் வேலை. மரம் கறுத்தக்கொழும்பான், யாழ்ப்பாணத்து மாம்பழ இனம். அதன் காலம் வைகாசி, ஆனியோடு பெரும்பாலும் முடிந்துவிடும். நல்லூர் முருகன் கோயில் மாம்பழத் திருவிழாவோ 25 நாள் மகோற்சவத்தில் 22ஆம் நாள் காலை, தேருக்கு இரண்டு நாள் முன்னர் வருகிறது. அதுவரை மரத்தில் ஒன்றாவது நிற்க வேண்டுமே!

இந்த முறை நான்கு நாள் முந்தியே காற்று அதை விழுத்திவிட்டது. பையோடு விழுந்ததால் வெடிக்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் லேசாகக் கன்றியிருந்தது. அம்மா காம்புப் பாலைத் துடைத்து, சாமியறை மூலையில் வைக்கோலுக்குள் வைத்தார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இந்த இனம் பழுத்தாலும் தோல் கரும்பச்சையாகவே இருக்கும். நிறத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. மணம்தான் சாட்சி. ஆனால் சாமிக்கு வைத்ததை மூக்கருகே கொண்டுபோய் மணக்கக் கூடாது. அறைக்குள் போகும்போது தானாக மணத்தால் குற்றமில்லை என்பது அம்மாவின் சட்டம். அந்த மூன்று நாளும் நான் சாமியறைக்குள் போய்வந்த கணக்கைப் பார்த்திருந்தால் என்னைப் பெரிய பக்தன் என்றே நினைத்திருப்பீர்கள்.

நாலாம் நாள் விடியக் கதவைத் திறந்ததும் வீடே மணத்தது.

சைக்கிளைத் தெரிந்தவர் வீட்டில் விட்டுவிட்டு மணலில் நடந்தோம். வாசலில் சட்டையைக் கழற்றி இடுப்பில் சுற்றிக்கொண்டேன். தேங்காய் விற்கிற விலைக்கு அர்ச்சனைத் தட்டு வாங்கவே யோசிக்க வேண்டியிருக்கிறது. அர்ச்சனைச் சீட்டு மட்டும் இன்றும் ஒரு ரூபாய்தான். தட்டில் வெற்றிலை, வாழைப்பழத்துக்கு நடுவே எங்கள் மாம்பழம். கன்றிய பக்கத்தை அம்மா கீழே வைத்தார். நல்லூரானுக்குத் தெரியாததா என்று கேட்டேன். "அவருக்குத் தெரியும், ஐயருக்குத் தெரியக் கூடாது" என்றார்.

மூலஸ்தானத்தில் இருப்பது வேல். அன்று காலை விழா தெண்டாயுதபாணிக்கு. ஞானப்பழக் கதை எல்லோரும் அறிந்ததே: தம்பி மயிலேறி உலகத்தைச் சுற்ற, அண்ணன் அம்மையப்பரைச் சுற்றிப் பழத்தை வாங்கிவிட்டார். நியாயமாகப் பார்த்தால் ஓடிக் களைத்தவன் முருகன்தான் என்பது சின்ன வயதிலிருந்தே என் கட்சி. வெளி வீதியில் நின்ற சனத்துக்குள் எனக்குத் தெரிந்தது குடையின் நுனியும் கர்ப்பூரப் புகையும் மட்டும். தவிலும் நாதஸ்வரமும் நெருங்கி வர, முன்னால் நின்றவர்கள் கைகளைத் தலைக்குமேல் தூக்கினார்கள். கிடைத்த இடைவெளியில் ஒரு கணம் அந்தச் சின்ன முகம். கோபித்துக்கொண்ட முகமாக எனக்குப் படவில்லை.

"பழம் கிடைக்காதவரின் கோயிலில் பழத்துக்கு ஏன் விழா?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"கிடைக்காத பிள்ளைக்குத்தானேடா ஊரே கொண்டு வந்து குடுக்குது" என்றவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு, கச்சான் கடலை வாங்க வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்து பழத்தை வெட்டும்போது லண்டனிலிருந்து அண்ணாவின் வீடியோ அழைப்பு. எங்கள் வீட்டில் கதை மாறி நடந்திருக்கிறது. உலகம் சுற்றப் போனவன் மூத்தவன். அம்மாவைச் சுற்றிக்கொண்டு கிடப்பவன் நான். "எனக்கு எங்கையடா பழம்?" என்றான். அம்மா கன்றாத பக்கத்தில் ஒரு துண்டை எடுத்துப் போனுக்கு நேரே நீட்டினார். நாற்பத்தைந்து வயது மனிதன் அங்கே வாயைத் திறந்தான்.

அந்தத் துண்டை அம்மா எனக்குத் தரவில்லை. மூடி, சாமியறையில் வைத்துவிட்டார். எனக்குக் கொட்டை.