படிப்பு ஏறாத பிள்ளைக்குப் படகுதான் பள்ளியா?

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்து ஊர்களில் ஒரு பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்று முடிவாகிவிட்டால், அடுத்து என்ன செய்வது என்று யாரும் நெடுநேரம் யோசிப்பதில்லை. பையனாக இருந்தால் வள்ளத்துக்கு அனுப்புவார்கள். பெண்ணாக இருந்தால் அம்மாவோடு பாசி எடுக்கவோ கருவாடு காயவைக்கவோ போய்விடும். கடல் தொழிலை நான் குறைத்துப் பேசவில்லை, எங்கள் குடும்பமும் அதில்தான் வளர்ந்தது. ஆனால் 14 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைப்பதைச் சட்டமே தடுக்கிறது. ஆகவே மாற்றுக் கல்வி என்று இந்தக் கரையில் பேசும்போது, அது படிப்பை நிறுத்துவதற்கு இன்னொரு பெயராகிவிடக் கூடாது என்பதே என் முதல் கவலை.

என் அக்கா மகன் ஆறாம் வகுப்பு. கரும்பலகையைப் பார்த்து எழுதினால் மெய்யெழுத்தின் புள்ளிகள் பாதி விடுபட்டிருக்கும். ஒற்றைக் கொம்பு எது, இரட்டைக் கொம்பு எது என்று ஒவ்வொரு சொல்லிலும் திணறுவான். அதே பையன் ஏலக்கூடத்தில் நண்டு கிலோ என்ன விலை என்று காதில் விழுந்த மறுகணமே, மூன்றே முக்கால் கிலோவுக்கு எவ்வளவு என்பதை வாய்க்கணக்காகச் சொல்லிவிடுவான். பள்ளியில் அக்காவை அழைத்து, "வேற இடம் பாத்துக்கங்கம்மா" என்று சொல்லிவிட்டார்கள். அன்று இரவு அக்கா என்னிடம், "தம்பி, இவனுக்கு மூளையில ஏதும் கோளாறாடா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் நான் தேடத் தொடங்கினேன்.

முதலில் கண்ணில் பட்டவை தொலைவில் உள்ள பள்ளிகள். திருவண்ணாமலையில் மருதம் பண்ணைப் பள்ளியும், செங்கல்பட்டுப் பக்கம் கிருஷ்ணமூர்த்தி அறக்கட்டளையின் பாடசாலையும் பிள்ளைகளை அச்சத்திலிருந்து விடுவித்துக் கற்பிக்க முயல்பவை. அவற்றின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. எனினும் கடலும் அம்மாவும் பக்கத்தில் இருக்கும்வரைதான் தைரியமாக இருக்கும் பிள்ளையை அவ்வளவு தொலைவுக்கு அனுப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை. செலவும் எங்களைப் போன்றவர்களுக்கு ஒத்துவராது. எங்களுக்கு வேண்டியதை இங்கேயே, இருக்கும் பள்ளியைச் சுற்றியே சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது 8ஆம் வகுப்புவரை, பள்ளி பிள்ளையை வெளியேற்ற முடியாது. எனவே யார் என்ன சொன்னாலும் அவசரப்பட்டு மாற்றுச் சான்றிதழ் வாங்கிவிடாதீர்கள். தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கிறார்கள், நல்ல முறைதான். ஆனால் அது ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புக்கு வந்தபின் தடுமாறும் பிள்ளைக்கு, கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநரைத் தேடிப் போகலாம். அவர்கள் இருப்பதே இங்கு பலருக்குத் தெரியாது.

எங்களுக்கு வழிகாட்டிய பயிற்றுநர், இது டிஸ்லெக்சியாவாக, அதாவது எழுத்துகளைப் படிப்பதிலும் எழுதுவதிலும் திணற வைக்கும் கற்றல் குறைபாடாக இருக்கலாம், அறிவுக் குறைவு அன்று என்று அக்காவுக்குப் பொறுமையாக விளக்கினார். பிறகு ஒரு தாம்பாளத்தில் ஈர மணலைப் பரப்பி, 'கெ' என்பதையும் 'கே' என்பதையும் பையனின் ஆள்காட்டி விரலைப் பிடித்து எழுத வைத்தார். ஒவ்வொரு முறையும் ஒலியை உரக்கச் சொல்ல வேண்டும். குறிலுக்குச் சுருக்கி, நெடிலுக்கு இழுத்து. 1939இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி உப்புத்தாள் எழுத்துகளைக் கொண்டு செய்ததும் இதுதான்: கண் தவறவிடுவதை விரல் பிடித்துக்கொள்ளும். அக்கா இப்போது இதை வீட்டு வாசலிலேயே செய்கிறாள்.

தேர்வைப் பற்றிய அச்சமும் ஓரளவு தீர்ந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் மாற்றுத்திறன் வகைகளில் சேர்த்திருக்கிறது. மருத்துவச் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரும் கேட்டுப் பெறலாம். பள்ளியை ஏற்கெனவே விட்டுவிட்ட பிள்ளைக்கும் வழி அடைபடவில்லை. 12½ வயது நிறைந்தவர்கள் 8ஆம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். 14 வயதுக்குப் பிறகு தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 10ஆம் வகுப்புக்குப் பதிந்து, ஐந்தாண்டுக்குள் ஒவ்வொரு பாடமாகக்கூட எழுதித் தேறலாம். ஆனால் அந்தச் சான்றிதழ் நீங்கள் நினைத்திருக்கும் மேற்படிப்புக்கோ வேலைக்கோ செல்லுமா என்பதைச் சேருமுன்பே எழுத்துபூர்வமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவச் சான்று வாங்க இராமநாதபுரத்துக்கு அலைவதற்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் ஏற்றது. விசைப்படகுக்குப் போகும் அப்பாக்கள் அப்போது கரையில் இருப்பார்கள், பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் விடுமுறை. பழைய நோட்டுப் புத்தகங்களையும் தேர்வுத் தாள்களையும் தூக்கிப் போடாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பிள்ளை எங்கே திணறுகிறது என்பது அவற்றைப் பார்த்தாலே மதிப்பிடுபவருக்குப் புரியும்.