ஜோகேஸ்வரிக் கிணறு

கடந்த மாதம் மும்பை மாட்டுங்காவில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, பத்தாம் வகுப்பு படிக்கும் மருமகன் கைப்பேசியில் செயற்கைக்கோள் படத்தை விரலால் நகர்த்தியபடியே, "பூமியில கண்டுபிடிக்க இனிமே என்ன மாமா இருக்கு? எல்லாத்தையும்தான் பார்த்து முடிச்சுட்டாங்களே" என்று கேட்டான். அந்தக் குரலில் இருந்த ஏமாற்றம் என்னை உறுத்தியது. அன்று அவனிடம் பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கடலைச் சொன்னேன். பூமியின் பரப்பில் 70 விழுக்காட்டுக்கும் மேல் கடல். அதன் தரையில் ஏறத்தாழ கால் பங்கைத்தான் கப்பல்களிலிருந்து ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கொண்டு நுட்பமாக அளந்திருக்கிறார்கள். ஒளியும் ரேடியோ அலையும் தண்ணீருக்குள் சிறிது தூரத்திலேயே அடங்கிவிடுவதால், செவ்வாயின் நிலப்பரப்பைப் படமெடுத்த அளவுக்குத் துல்லியமாக நம் கடலடியைச் செயற்கைக்கோளால் படமெடுக்க முடிவதில்லை. 1960இல் ழாக் பிக்காரும் டான் வால்ஷும் கடலிலேயே மிக ஆழமான மரியானா அகழியின் அடியாழத்தைத் தொட்டார்கள். அடுத்த மனிதர் அங்கே இறங்க 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் பன்னிரண்டு பேர் நிலவில் நடந்து திரும்பிவிட்டார்கள். மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டு செல்வதற்கான மத்ஸ்யா 6000 கலம் சென்னையில் உருவாகிவருகிறது என்றதும்தான் அவன் கைப்பேசியைக் கீழே வைத்தான்.

ஆனால் எனக்கு நெருக்கமான சான்று அத்தனை ஆழத்தில் இல்லை. கோரேகாவிலிருந்து நான் தினமும் ரயிலில் கடந்து செல்லும் ஜோகேஸ்வரியில், பார்வையற்றோருக்கான இல்லம் ஒன்றின் வளாகத்தில், சுமார் 40 அடி ஆழமுள்ள கிணறு ஒன்று இருக்கிறது. அதிலிருந்து கிடைத்த விலாங்கு போன்ற மீன், அறிவியலுக்குப் புதிய இனம் என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. செந்நிற உடல், செதில் இல்லை, கண்ணும் இல்லை. நிலத்தடி நீரின் இருளிலேயே வாழும் உயிருக்குக் கண் எதற்கு? அதற்கு ரக்தமிக்திஸ் மும்பா என்று பெயர் சூட்டினார்கள்; நம் நகரத்தின் பெயரும் மும்பா தேவியிடமிருந்து வந்ததுதான். இத்தனை இலட்சம் பேர் நெருக்கியடித்து வாழும் ஊரில், நம் காலடியில், ஒரு மீனினம் 2021 வரை பெயரில்லாமல் இருந்திருக்கிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. கிணற்றுத் தவளை என்று அறியாமையைச் சுட்டிப் பழகிய நாம், அந்தக் கிணற்றுக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்காமலே இருந்திருக்கிறோம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஊதாத் தவளையும் இப்படித்தான். ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழித்துவிட்டு, இனப்பெருக்கத்துக்காக மழைக்காலத்தில் சில நாள்கள் மட்டும் வெளியே வரும் அதை, 2003இல்தான் ஆய்வாளர்கள் விவரித்து எழுதினார்கள். அதன் தலைப்பிரட்டைகளை அப்பகுதி மலைவாழ் மக்கள் அதற்கு முன்பே அறிந்திருந்தார்கள். ஆகவே கண்டுபிடித்தல் என்ற சொல்லை நான் கொஞ்சம் தயக்கத்தோடுதான் பயன்படுத்துகிறேன். வியட்நாமின் மாபெரும் சன் டூங் குகையின் வாயிலையும் முதலில் பார்த்தவர் காட்டுக்குள் போன உள்ளூர்க்காரர் ஒருவர்தான். ஆய்வுக் குழு 2009இல் அவர் வழிகாட்டித்தான் உள்ளே இறங்கியது.

செயற்கைக்கோள் படத்தில் ஜோகேஸ்வரி முழுவதும் கூரைகளாகத்தான் தெரிகிறது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் எல்லாம் முடிந்துவிட்டது என்று என் மருமகன் எண்ணியிருக்கிறான்.

எங்கள் குடியிருப்பின் பின்புறத்திலும் ஒரு பழைய கிணறு உண்டு. ராட்டினம் தொங்கிய கம்பி துருப்பிடித்து நிற்கிறது. கயிறு உராய்ந்த தடங்கள் கைப்பிடிச் சுவரின் கல்லில் விரல் பதியும் அளவுக்கு ஆழமாக இருக்கின்றன. குழாய்த் தண்ணீர் வந்தபின் இரும்பு மூடி போட்டுவிட்டார்கள். மழைக்கு முன் தொட்டிகளைக் கழுவ ஆட்கள் வரும் நாளில் அந்த மூடியையும் திறக்கச் சொல்லிச் செயலாளரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். அன்று ஒரு நல்ல டார்ச்சோடு வந்துவிடும்படி மருமகனிடம் சொல்லியாயிற்று.