பக்கவிளைவின் வழியே மருந்தியல் படித்த அனுபவம்

பி.பார்ம் பாடத்திட்டத்தில் மருந்தியல் நான்காம் பருவத்தில் தொடங்கி ஆறாம் பருவம் வரை நீள்கிறது. ஈரோடு மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் அதை முடித்து, எம்.பார்ம் சேர்க்கைக்கான ஜிபேட் தேர்வும் எழுதி, இப்போது கோபிசெட்டிபாளையத்தில் மருந்தாளுநராக இருக்கும் என்னிடம் இளையவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: இத்தனை மருந்துப் பெயர்களை எப்படி நினைவில் வைப்பது? பெயர்ப் பட்டியலை முதலில் மூடிவிடுங்கள் என்பேன். ஒரு மருந்து எந்த அளவில், யாருக்கு, ஏன் தீங்கு செய்யும் என்று தேடிப் படித்தால், அது வேலை செய்யும் விதமும் பயனும் கூடவே பிடிபட்டுவிடும். பக்கவிளைவுகளில் பெரும்பாலானவை அந்த மருந்தின் இயல்பான செயலே வேண்டாத இடத்திலோ வேண்டாத அளவிலோ நடப்பதுதான். பீட்டா ஏற்பிகள் (செல்லில் மருந்து பிணையும் இடங்கள்) இரு வகையையும் தடுக்கும் இரத்த அழுத்த மருந்தான புரோப்ரனலால் ஆஸ்துமா உள்ளவருக்கு ஏன் ஆகாது என்று புரிந்துகொண்டவர், பீட்டா-1 இதயத்திலும் பீட்டா-2 மூச்சுக்குழாயிலும் இருப்பதைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பலரும் அஞ்சுவது இதயம், குடல், சுரப்பிகளை நம் விருப்பமின்றியே இயக்கும் தன்னியக்க நரம்பு மண்டலப் பாடத்தை. நம் பகுதி மாணவர்கள் அதைப் பூச்சிமருந்து நச்சிலிருந்து தொடங்கினால் நல்லது; வேளாண்மை நிறைந்த ஊர்களில் இதை எல்லோருமே கேள்விப்பட்டிருப்போம். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதியை முடக்குகிறது; அந்த நொதியால் சிதைக்கப்படாமல் தேங்கும் அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்திப் பொருள், வாயில் எச்சிலும் கண்ணில் நீரும் பெருகவும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கவும், நாடித்துடிப்பு குறையவும், நுரையீரலில் நீர் கோக்கவும் செய்கிறது. இந்த ஒரு நோயாளியிடமே அசிட்டைல்கோலினின் இரு வகை ஏற்பிகளுள் ஒன்றான மஸ்கரினிக் ஏற்பியின் விளைவுகள் அத்தனையும் தெரிந்துவிடும். அந்த ஏற்பியைத் தடுக்கும் அட்ரோபின் இவற்றைத் தணிக்கும். ஆனால் தசைத் தளர்ச்சி மற்றொரு வகையான நிகோட்டினிக் ஏற்பியைச் சார்ந்தது என்பதால் அதற்கு அட்ரோபின் பயன்படாது. நொதியை மீட்கக் கொடுக்கும் பிராலிடாக்சிம், நச்சு நொதியோடு நிலையாகப் பிணைந்துவிடும் முன்பே உள்ளே போக வேண்டும். அட்ரோபினை எதுவரை கொடுப்பது என்ற கேள்விக்குக் கண்மணி விரிவதை மட்டும் எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் உண்டு. மார்பில் சளி இரைச்சல் அடங்கி, நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் சீராவதே முதன்மையான அளவுகோல்.

அளவு பற்றிய பாடத்துக்குக் கடை முகப்பைவிட நல்ல வகுப்பறை இல்லை. மஞ்சப்பையோடு வந்த ஒரு பெரியவர் மூன்று மாத்திரை அட்டைகளை எடுத்து வைத்து, “ஏனுங்க, இது மூணும் வேற வேற டாக்டருங்க குடுத்ததுங்க, சேர்த்துச் சாப்புட்டா ஒண்ணும் பண்ணாதுங்களே?” என்று கேட்டார். காய்ச்சலுக்கு 650 மில்லிகிராம் பாராசிட்டமால், நாளுக்கு மூன்று. மூட்டுவலிக்கு அசிக்ளோபினாக் என்ற வலிநிவாரணியுடன் 325 மில்லிகிராம் பாராசிட்டமால், நாளுக்கு இரண்டு. சளிக்கான கூட்டு மாத்திரையில் 500 மில்லிகிராம், நாளுக்கு மூன்று. கூட்டினால் 4,100 மில்லிகிராம். நல்ல உடல்நிலையிலுள்ள பெரியவர்களுக்கே ஒரு நாளின் உச்சவரம்பு 4 கிராம்தான். குடிப்பழக்கமோ கல்லீரல் நோயோ இருந்தால் இன்னும் குறைவு. மூன்று அட்டைகளிலும் வணிகப் பெயர் வேறு, உள்ளே இருப்பது ஒன்று. பாராசிட்டமாலின் சிறு பகுதி கல்லீரலில் நச்சுப் பொருளாக மாறுகிறது. வழக்கமான அளவில் அதை உடலிலேயே உள்ள குளூட்டாதயோன் என்ற பொருள் செயலிழக்கச் செய்துவிடும், அளவு மிஞ்சினால் குளூட்டாதயோன் தீர்ந்து கல்லீரல் செல்கள் அழியத் தொடங்கும். குளூட்டாதயோனை ஈடுசெய்யும் அசிட்டைல்சிஸ்டீன், மிகையளவு உட்கொண்ட 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் சிறப்பாகப் பலனளிக்கும். வளர்சிதை மாற்றம், நச்சியல், மாற்று மருந்து என மூன்று தலைப்புகள் இந்த ஒரு கணக்கில் அடங்கிவிடுகின்றன. சளி மாத்திரையை அவர் அன்றே நிறுத்தினார். மற்ற இரண்டையும் டாக்டரிடம் காட்டச் சொல்லி அனுப்பினேன்.

அரை ஆயுட்காலச் (உடலில் மருந்தின் செறிவு பாதியாகக் குறைய ஆகும் நேரம்) சூத்திரத்தைப் பலரும் ஒப்பிப்பார்கள், பயன்படுத்தமாட்டார்கள். ஒரே அளவில் தொடர்ந்து கொடுக்கப்படும் மருந்து நிலையான செறிவை அடைய ஏறத்தாழ 4 முதல் 5 அரை ஆயுட்காலங்கள் ஆகும். தைராய்டு குறைபாட்டுக்குத் தரும் லெவோதைராக்சினின் அரை ஆயுட்காலம் சுமார் 7 நாள். மாத்திரை அளவை மாற்றிய மறுவாரமே டி.எஸ்.எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவைப் பரிசோதிக்காமல் ஏறத்தாழ ஆறு வாரம் காத்திருக்கச் சொல்வது இதனால்தான்.

சிகிச்சை மாற்றங்களுக்குத் தனி நோட்டு போட்டு, ஒவ்வொரு வரிக்கும் ஆண்டு குறியுங்கள். பெருந்துறை சானடோரியம் (காசநோய் மருத்துவமனை) நிறுத்தத்தில் இறங்கி ஏறும் நமக்குக் காசநோய்ப் பாடம் அந்நியமில்லை. ஆனால் பழைய கையேடுகளில் இன்னமும் வாரம் மூன்று முறை மருந்து என்றே இருக்கிறது. தேசியக் காசநோய்த் திட்டம் 2017-இல் தினசரி மருந்து முறைக்கு மாறிவிட்டது. ஆஸ்துமாவில் பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் மூச்சுக்குழாயை உடனே விரிக்கும் சால்பியூட்டமாலை மட்டும் கொண்டு சமாளிக்கக் கூடாது என்பது 2019 முதல் ஜினா எனும் உலக ஆஸ்துமா அமைப்பின் வழிகாட்டுதலின் நிலை. சர்க்கரை நோய்க்கென வந்த டபாக்ளிப்ளோசின், 2019-இல் வெளியான ஆய்வு முடிவுகளுக்குப் பின் இதயச் செயலிழப்புக்கும் கொடுக்கப்படுகிறது. பிறப்புறுப்புப் பூஞ்சைத் தொற்றும், இரத்தச் சர்க்கரை அதிகம் ஏறாமலேயே வரக்கூடிய கீட்டோஅசிடோசிஸும் (இரத்தத்தில் கீட்டோன் அமிலங்கள் மிகும் ஆபத்தான நிலை) அதனோடு சேர்த்துப் படிக்க வேண்டியவை. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ரானிடிடினை 2020-இல் அமெரிக்கா சந்தையிலிருந்து விலக்கச் சொன்னது. இந்தியாவின் 2022 அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் அது இல்லை. வழிகாட்டி நூல் வாங்குமுன் அட்டையைவிடப் பதிப்பாண்டைப் பார்ப்பது நல்லது.

மருந்துகளின் பாதக விளைவுகளைக் கவனித்துப் பதிவுசெய்யும் மருந்துக் கண்காணிப்புப் பாடத்தை வெறும் வரையறையாகப் படிப்பது வீண். 2010-இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குக் காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்துக் குறியீட்டு ஆணையம் ஒருங்கிணைப்பு மையமாக இருக்கிறது. அதன் பாதக விளைவு அறிக்கைப் படிவத்தை இறக்கிக்கொண்டு, கற்பனை நோயாளி ஒருவருக்காக ஒருமுறை முழுதாக நிரப்பிப் பாருங்கள். நோயாளி, விளைவு, சந்தேகிக்கப்படும் மருந்து, அறிக்கை தருபவர் ஆகிய நான்கும் இல்லாமல் அறிக்கை செல்லாது என்பது எழுதும்போதே பதிந்துவிடும். மருந்தை நிறுத்தியதும் விளைவு குறைந்ததா என்ற கட்டத்தை நிரப்பும்போது காரணத் தொடர்பை எடைபோடும் முறையும் விளங்கும். பதிவுபெற்ற பிறகு இதே படிவத்தை உண்மையாகவே அனுப்ப வேண்டிவரும். நோயாளியின் முழுப்பெயர் தேவையில்லை, முதலெழுத்துகள் போதும். தொலைபேசியில் சொல்ல விரும்பினால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.