நான்காவது ரோலில்தான் ரீல் வழிவிட்டது

36 படம். ஒன்றோடொன்று ஒட்டாமல், ஓரம் கிழியாமல், நடுவில் பால் திட்டு விழாமல் முழுசாக 36. குளியலறைக் கம்பியில் கிளிப் மாட்டித் தொங்குகிறது. தூசி கிளம்பும், உள்ளே போகாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

வீட்டிலேயே கறுப்பு வெள்ளை பிலிம் கழுவ ஆரம்பித்து இது நான்காவது ரோல். முதல் மூன்றும் போச்சு. ஆரம்பிக்கும் முன் நான் பயந்ததெல்லாம் மருந்தைப் பார்த்துத்தான். எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம், எப்போது கவிழ்க்க வேண்டும் என்று ஒரு வாரம் மனப்பாடம் செய்தேன். அதில் எதுவும் என்னைக் கவிழ்க்கவில்லை. கவிழ்த்தது உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் ரீல்; வெளிச்சம் புகாத கழுவும் டேங்குக்குள் வைக்கும் முன் பிலிமைச் சுற்றும் சக்கரம்.

மருந்து விவரத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். பிலிம் எச்பி5 பிளஸ், அதன் ISO வேகமான 400லேயே எடுத்தது. படத்தை வெளிக்கொணரும் டெவலப்பர் டி-76, ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து, 20 டிகிரியில் 13 நிமிடம். முதலில் நான்கு கவிழ்ப்பு, பிறகு நிமிடத்துக்கு நான்கு, ஒவ்வொரு தடவையும் டேங்கின் அடியை மேசையில் இரண்டு தட்டு. டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப்புக்கு வெறும் தண்ணீர். படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸர் 1+4 (ஒரு பங்கு மருந்து, நான்கு பங்கு தண்ணீர்), ஐந்து நிமிடம். அவ்வளவுதான். இனி ரீல் கதை.

இந்த ரீலைக் கையாண்டவர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கத்தட்டு, ஒவ்வொன்றிலும் சுருள் பள்ளம், வாய்ப்பக்கத்தில் ஆளுக்கொரு சின்ன எஃகுக் குண்டு. பிலிம் நுனியைக் குண்டுகளைத் தாண்டி உள்ளே தள்ளிவிட்டு, தட்டுகளை முன்னும் பின்னும் திருப்பினால் ஒரு குண்டு பிடிக்கும், மற்றது விடும். பிலிம் நடந்து உள்ளே போய்விடும். வெளிச்சத்தில் பழைய ரோலை வைத்துச் செய்து பார்த்தால் பொம்மை மாதிரி இருக்கும். நானும் இரண்டே முறை செய்து பார்த்துவிட்டு, இது என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன்.

முதல் ரோல். சேஞ்சிங் பேக் என்ற வெளிச்சம் புகாத துணிப்பைக்குள் கையை விட்டு, கேசட்டைத் திறந்து, ஏற்ற ஆரம்பித்தேன். பாதி தூரம் ராஜா மாதிரி போனது. அப்புறம் நின்றது. தட்டைத் திருப்பினால் 'கிர்க்' என்று ஒரு சத்தம், பிலிம் நகரவில்லை. கொஞ்சம் அழுத்தினேன். நகர்ந்தது. இன்னும் அழுத்தினேன். அந்தச் சத்தம் பிலிமின் ஓரத் துளைகள் கிழியும் சத்தம் என்று அப்போது தெரியாது. எப்படியோ திணித்து மூடிவிட்டேன். கழுவி எடுத்துப் பார்த்தால் பிலிம் பள்ளம் மாறி ஏறி, சுற்றோடு சுற்று ஒட்டியிருக்கிறது. ஒட்டிய இடங்களில் டெவலப்பரும் போகவில்லை, ஃபிக்ஸரும் போகவில்லை. பாலாடை நிறத்தில் திட்டுத் திட்டாக அப்படியே நிற்கிறது. மறுபடி ஃபிக்ஸரில் போட்டேன். திட்டு போனது. திட்டு இருந்த இடத்தில் கண்ணாடி மாதிரி வெறுமை.

நண்பனுக்குப் போன் போட்டேன். பத்து வருடமாகக் கழுவுகிறவன். நான் டெவலப்பர் பற்றிப் புலம்ப ஆரம்பிக்கும் முன்பே குறுக்கே வெட்டினான்: "டேய், ரீல் காஞ்சிருந்துச்சா?"

காய்ந்துதான் இருந்தது. அதாவது, புது ரீல் சுத்தமாக இருக்கட்டும் என்று ஒரு மணி நேரம் முன்னால் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக உதறி, துணியில் துடைத்து வைத்திருந்தேன். அவன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பிலிமின் எமல்ஷன், அதாவது படம் பதியும் பூச்சு, ஜெலட்டின்தானே. ஒரு பொட்டு ஈரம் பட்டால் போதும், ஊறிப் பசையாகிவிடும். பள்ளத்துக்குள், குண்டு உட்காரும் குழிக்குள் ஒளிந்திருக்கும் ஈரத்தைத் துணி எட்டாது. பிலிம் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும், நாம் தள்ளத் தள்ள மடங்கும்.

இரண்டாவது ரோலுக்கு ரீலை இரண்டு நாள் காயப்போட்டேன். எலும்பு மாதிரி காய்ந்துவிட்டது. பழைய ரோலில் கண்ணை மூடிக்கொண்டு இருபது தடவை பழகினேன். கண்ணை மூடிப் பழகுவதும் பைக்குள் செய்வதும் ஒன்றல்ல என்பதை யாரும் சொல்லவில்லை, அல்லது சொன்னது என் மண்டையில் ஏறவில்லை. சேஞ்சிங் பேக் என்பது இரண்டு அடுக்குத் துணி, மணிக்கட்டில் இறுக்கும் எலாஸ்டிக். உள்ளே காற்றோட்டம் கிடையாது. கேசட் மூடியைத் திறக்கவே ஐந்து நிமிடம் போராடினேன். அதற்குள் உள்ளங்கை வியர்த்துவிட்டது. பதினைந்தாவது நிமிடம் பைக்குள் ஒரு குட்டிக் குளியலறை. ரீல் காய்ந்திருந்து என்ன பயன், ஈரத்தை நானே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். இருபது படம் வரை ஏறியது, பிறகு அதே 'கிர்க்'. இந்த முறை அழுத்தவில்லை, புத்தி வந்திருந்தது. ஆனால் பதற்றத்தில் பையின் ஜிப்பைத் திறந்துவிட்டேன். அது எப்படிப்பட்ட புத்தி என்று நீங்களே சொல்லுங்கள்.

நண்பன் பிறகு சொன்ன விஷயம்தான் இந்தப் பதிவிலேயே உருப்படியானது. பிலிம் மாட்டிக்கொண்டால் சண்டை போடாதே. ரீலோடு, தொங்கும் பிலிமோடு, அப்படியே டேங்குக்குள் போட்டு, நடுக்குழலையும் வைத்து மூடியைத் திருகிவிடு. டேங்க் மூடியிருந்தால் வெளிச்சம் போகாது. கையை வெளியே எடு, துடை, பையைத் திறந்து காற்றாட விடு, ஒரு மணி நேரம் கழித்துக்கூட வா. பிலிமுக்கு ஒன்றும் ஆகாது. இது தெரிந்திருந்தால் இரண்டாவது ரோல் பிழைத்திருக்கும்.

மூன்றாவது ரோல் பற்றிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ரீலில் அருமையாக ஏறியது. ஒரு தடங்கல் இல்லை. அந்தச் சந்தோஷத்தில் ரீலை டேங்குக்குள் வைத்து மூடிவிட்டேன். 13 நிமிடம் பக்தியோடு கவிழ்த்தேன். ஃபிக்ஸரை ஊற்றும்போதுதான் பார்க்கிறேன், நடுக்குழல் மேசைமேல் நின்றுகொண்டு என்னைப் பார்க்கிறது. இந்த வகை டேங்கில் அந்தக் கறுப்புக் குழலும் புனல் போன்ற மூடியும் சேர்ந்தால்தான் வெளிச்சத்தைத் தடுக்கும். குழல் இல்லாவிட்டால் ஊற்றும் வாய் வழியாக வெளிச்சம் நேரே உள்ளே போகும். பிலிம் நுனி முதல் அடி வரை தார் மாதிரி கறுப்பு.

ஆனால் அந்த ரோலிடமும் ஒன்று கற்றுக்கொண்டேன். கெட்டுப்போன நெகட்டிவைத் தூக்கி எறியும் முன் ஓரத்தைப் பார்க்க வேண்டும். பிலிம் ஓரத்தில் பெயரும் படஎண்ணும் தொழிற்சாலையிலேயே வெளிச்சத்தால் பதிக்கப்பட்டு வருபவை. அவை தெளிவாக இருந்து படங்கள் மட்டும் வெறுமையாக இருந்தால் டெவலப்பர் மேல் குற்றமில்லை, கேமராவுக்குள் பிலிம் ஓடவே இல்லை, அல்லது ஷட்டர் திறக்கவில்லை. எண்ணும் இல்லை, படமும் இல்லை, பிலிம் முழுக்கக் கண்ணாடி என்றால் டெவலப்பர் செத்திருக்கிறது, அல்லது ஃபிக்ஸரை முதலில் ஊற்றிவிட்டீர்கள். ஓரம் உட்பட எல்லாம் கறுப்பு என்றால் என்னைப் போல ஒருவர்.

இனி நான்காவது ரோல். இந்த முறை முறையையே மாற்றினேன். கேமராவில் ரோலைத் திருப்பிச் சுற்றும்போது, பிடி விட்டு லேசானவுடன் நிறுத்திவிட்டேன். பிலிமின் முன்நுனியான லீடர் வெளியே நின்றது. அது எப்படியும் வெளிச்சம் பட்ட துண்டுதானே, அதனால் வெளிச்சத்திலேயே வேலையைத் தொடங்கலாம். லீடரின் நாக்கை நேராக வெட்டி, இரண்டு மூலைகளையும் லேசாகச் சாய்த்து நறுக்கினேன். இதில் ஒரு நுணுக்கம்: வெட்டு துளைக்கு மேல் விழக்கூடாது, இரண்டு துளைக்கு நடுவே விழ வேண்டும். துளையைப் பாதி வெட்டினால் அந்தக் கொக்கி பள்ளத்தில் மாட்டும். நுனியைக் குண்டுகளைத் தாண்டிச் சில சென்டிமீட்டர் ஏற்றி, சரியான பள்ளத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துக்கொண்டேன். அதன் பிறகுதான் ரீல், கேசட், கத்தரி, டேங்க், நடுக்குழல் (ஆமாம், முதலில் எடுத்து வைத்தது அதைத்தான்) எல்லாம் பைக்குள் போனது.

உள்ளே செய்ய வேண்டியது கேசட்டிலிருந்து ஒரு சாண் இழுப்பது, தட்டைத் திருப்பி ஏற்றுவது, மறுபடி ஒரு சாண். கேசட்டைத் திறக்கும் போராட்டமே இல்லை. கடைசியில் ஸ்பூலோடு ஒட்டியிருக்கும் இடத்தில் கத்தரித்தால் முடிந்தது. குண்டுகள் உருளும் குழியில் பென்சில் கரியைத் தேய்த்திருந்தேன், அதுவும் உதவியது என்று நினைக்கிறேன். மொத்தம் நான்கு நிமிடம். வியர்க்க நேரமே இல்லை. முதல் மூன்று ரோலுக்கு நான் செலவிட்ட மன உளைச்சலை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. கேசட்டின் வாயிலுள்ள வெல்வெட்டில் மண் இருந்தால் பிலிமில் கோடு விழும், அதனால் திறந்து எடுப்பதே மேல் என்பவர்கள் உண்டு. என் ரோலில் ஒரு கோடும் இல்லை. விழுந்தால் அப்போது பார்ப்போம்.

எஃகு ரீல்தான் உத்தமம், ஈரமிருந்தாலும் ஏறும் என்று ஒரு கட்சி இருக்கிறது. அதில் நடுவிலிருந்து வெளியே சுற்ற வேண்டும், பிலிமை விரலால் லேசாக வளைத்துப் பிடித்து. வளைவு கொஞ்சம் கூடினால் பிலிம் நொடிந்து படத்தில் பிறை வடிவில் தழும்பு விழும். நண்பனிடம் வாங்கி ஒரு முறை முயன்று பார்த்தேன். மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கழுவிய பிறகும் ரீல் விடுவதாயில்லை. கடைசியில் தண்ணீர்த் துளி தங்காமலிருக்க வெட்டிங் ஏஜென்ட் போடுகிறோமே, அதை ரீலோடு டேங்குக்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருந்தேன். அது பள்ளங்களில் படிந்து காய்ந்து, அடுத்த ஈரத்தில் பசையாகும் என்கிறான் நண்பன். இப்போது பிலிமை ரீலிலிருந்து எடுத்த பிறகுதான், தனிப் பாத்திரத்தில் 1+200 கரைசலில் முக்குகிறேன். ரீலை வெந்நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்து வைத்துவிடுகிறேன். அலசலுக்குத் தண்ணீரை ஓடவிட்டு வீணாக்குவதில்லை. நிரப்பி ஐந்து கவிழ்ப்பு, கொட்டி நிரப்பிப் பத்து, மறுபடி இருபது. பிலிம் தயாரிக்கும் இல்ஃபோர்ட் நிறுவனம் சொல்லும் முறை, போதுமானது.

நெகட்டிவ் எப்படி என்று கேட்பீர்கள். நிழல்களில் விவரம் இருக்கிறது, வானம் கொஞ்சம் கெட்டி. 20 டிகிரிக்கு ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் பாட்டிலை வைத்து இறக்கியது சலிப்பூட்டும் வேலை. அடுத்த முறை 24 டிகிரியிலேயே, சுமார் 9 நிமிடம் வைத்துப் பார்க்கப் போகிறேன். ஐந்து நிமிடத்துக்குக் கீழே மட்டும் போகமாட்டேன், திட்டுத்திட்டாகக் கழுவப்படும்.

மருந்து வாங்குவது பற்றி ஒரு புலம்பல். தபாலில் வரவழைத்த முதல் டி-76 பொட்டலத்தில் தூள் கட்டிதட்டிப் பழுப்பாக இருந்தது. தூள் வெள்ளையாக இருக்க வேண்டும், பழுப்பு என்றால் காற்றுப் பட்டுக் கெட்டது. விற்றவரிடம் கேட்டால் "அப்படித்தான் இருக்கும்" என்றார். இருக்காது. ஒரு துண்டு லீடரை வெளிச்சத்தில் அந்தக் கரைசலில் போட்டுப் பார்த்தேன், பத்து நிமிடமாகியும் சாம்பல் நிறம்தான். நல்ல டெவலப்பர் என்றால் கறுத்திருக்க வேண்டும். அன்றிலிருந்து ஒவ்வொரு ரோலுக்கு முன்பும் இந்தச் சோதனை. ஃபிக்ஸருக்கும் அப்படியே: லீடர் துண்டு தெளிய ஆகும் நேரத்தைப் போல இரு மடங்கு வைக்க வேண்டும்.

இதனால் டி-76ஐ நானே கலந்தால் என்ன என்று ஒரு யோசனை. லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100, ஹைட்ரோகுயினோன் 5, போராக்ஸ் 2. நான்கே சரக்கு. 2 கிராமைச் சரியாக நிறுக்கும் தராசுதான் இல்லை. இன்னொரு பக்கம் ரோடினால் என்ற டெவலப்பர் மீதும் கண். அக்ஃபா 1891இல் கொண்டுவந்தது, திறந்த பாட்டிலே வருடக்கணக்கில் தாங்கும் என்கிறார்கள். என்னைப் போல மாதம் ஒரு ரோல் கழுவுகிறவனுக்கு அதுதான் லாயக்கு. படத்தில் கிரெய்ன் (துகள் துகளான புள்ளிகள்) மணல் மாதிரி வரும், வரட்டும். காபித்தூள், சலவைச் சோடா, வைட்டமின் சி கலந்து கழுவும் காஃபெனால் பற்றியும் படித்துக்கொண்டிருக்கிறேன். நாற்றம் தாங்காதாம், வீட்டில் அனுமதி கிடைப்பது சந்தேகம்.

120 என்ற அகலமான வகைப் பிலிம் இரண்டு ரோலும் காத்திருக்கிறது. இதே ரீலைத் திருகி அகலப்படுத்தினால் ஏறும் என்றாலும், 120க்கு ஓரத் துளைகளே கிடையாது, பின்தாளைப் பிரித்து ஒட்டுநாடாவையும் உரிக்க வேண்டும், லீடர் வித்தையும் செல்லாது. மறுபடி முதல் வகுப்பு. அதற்கு முன் தொங்குவதை ஆறு ஆறாக வெட்டி உறையில் போட வேண்டும், ஸ்கேன் செய்ய வேண்டும். கீழே கிளிப் மாட்டியும் பிலிம் ஏன் இப்படிச் சுருள்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரீல் ஜன்னலோரம் காய்கிறது. தொட்டுப் பார்த்தேன், காய்ந்துவிட்டது போலத்தான் இருக்கிறது. நாளை மறுநாள் வரை தொடப்போவதில்லை.