கினாரி நிறம்: ஜூன் மாத நாட்குறிப்பு

ஜூன் 1, ஞாயிறு

டோக்கியோ ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற தோழிக்கு என்ன கொண்டுபோவது? பூ கிடையாது. வார்டுக்குள் பூ விடமாட்டோம் என்று வரவேற்பிலேயே பலகை வைத்திருக்கிறார்கள். தொட்டிச் செடி எப்படியும் கொண்டுபோக முடியாது. செடி வேர் பிடித்தால் நோயும் கூடவே வேர் பிடிக்கும் என்பது இந்த ஊர்ப் பயம். ஆகவே ஏதாவது சின்னப் பொருள், அதிக விலையில்லாமல். பெரிதாகக் கொடுத்தால் வீடு திரும்பியதும் அதில் மூன்றிலொரு பங்கோ பாதியோ விலைக்கு அவள் பதில் பரிசு அனுப்ப வேண்டியிருக்கும். படுத்துக் கிடக்கிறவளுக்கு அந்தக் கணக்கு எதற்கு?

ஜூன் 2

மழை. மூளை ஓடவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

வேலை முடிந்து ஹராஜுகு. லாஃபோரே கடைவளாகத்தின் கீழ்த்தளத்தில் ஏஞ்செலிக் பிரெட்டி உடுப்புக் கடைக்குள் சும்மா சுற்றினேன். எங்கு பார்த்தாலும் ஸ்ட்ராபெரி, கரடிப் பொம்மை, இளஞ்சிவப்பு. முழங்காலுக்கு மேல் வரும் காலுறை நல்ல பரிசுதான். 22-லிருந்து 25 சென்டிமீட்டர் வரை ஒரே அளவு என்பதால் கால் அளவு கேட்டு மாட்டிக்கொள்ள வேண்டாம். மேலதிகாரிக்குக் காலுறை கொடுத்தால் மரியாதைக் குறைவு, தோழிக்குத் தடையில்லை. எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். லோலிடா, அதாவது லேஸும் ரிப்பனுமாகப் பொம்மை மாதிரி உடுத்தும் ஜப்பானிய பாணி, என்றாலே ரோஸ் கலர் என்று நினைக்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு எரியும். அவள் லோலிடாவில் கிளாசிக்கல் வகை. சாக்லேட் நிறம், திராட்சை ரச நிறம், சின்னச் சின்னப் பூ அச்சு. பள்ளி நாட்களில் மட்டும் மானாவின் மொவா-மெம்-மொவாட்டியே தவிர வேறெதுவும் உடுத்தமாட்டேன் என்று கறுப்பும் நீலமுமாகத் திரிந்தாளாம். 1999-ல் மானா என்கிற கிடார்காரர் தொடங்கிய பிராண்டுக்கு இப்படியொரு பக்தி. அவளுக்குப் போய் ஸ்ட்ராபெரி காலுறையா!

மக்கரோன் பெட்டியும் பார்த்தேன். நாலும் ஒன்பதும் இங்கே ராசியில்லாத எண்கள், ஐந்து இருக்கிற பெட்டிதான் எடுக்கணும். அப்புறம்தான் உறைத்தது, அவளுக்கு இப்போது இனிப்புத் தருகிறார்களா?

ஜூன் 4

தருவதில்லை.

ஜூன் 5, வியாழன்

முடிச்சு. காலையிலிருந்து இதே நினைப்பு.

கடையில் எதை வாங்கினாலும் ரிப்பனை வண்ணத்துப்பூச்சி போல முடிந்து தருகிறார்கள். அவள் உடுப்பில் நெஞ்சிலும் முதுகிலும் தலையிலும் இருப்பதும் அதே முடிச்சுதான். ஆனால் நோயாளிக்குக் கொடுக்கும் உறையில் அது வரக் கூடாது. அவிழ்த்து மறுபடி கட்டலாம் என்பதால் குழந்தை பிறப்பு மாதிரி திரும்பத் திரும்ப வரவேண்டிய நல்லதற்கு அது பொருந்தும். நோய் திரும்பி வரலாமா? அதனால் ஒரே இறுக்கில் முடிந்து, பிறகு அவிழாத முடிச்சு. கல்யாணத்துக்கும் அதே.

ரிப்பனிலேயே வாழ்கிறவளுக்கு ரிப்பன் இல்லாத பொட்டலமா? அவள் இதையெல்லாம் பார்த்துச் சிரிக்கிற ஆள். அவள் அம்மா அப்படியில்லை.

ஜூன் 7, சனி

ஜூன் முதல் சனி, லோலிடா தினம். மற்ற தோழிகள் தேநீர் விருந்துக்குப் போயிருக்கிறார்கள். படம் படமாக வந்து விழுகிறது: பானெட் தொப்பி, லேஸ் கையுறை, மூன்றடுக்குத் தட்டில் ஸ்கோன். அவளுக்கும் போயிருக்கும். நான் போகவில்லை.

சாயங்காலம் கால்மணி நேரம் பார்க்க விட்டார்கள். இரவு வேலைச் செவிலியர் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, அவோகி மிசாகோவும் எங்கள் தொழில்தானே என்றாராம். 2009-ல் வெளியுறவு அமைச்சகம் கவாய், அதாவது செல்ல அழகின், தூதராக அனுப்பிய லோலிடா மாடல், தொழிலால் செவிலியர். இவளுக்கு அதில் அப்படியொரு பெருமை.

வலது மணிக்கட்டில் பெயரும் பட்டைக்கோடும் அச்சிட்ட பிளாஸ்டிக் பட்டை. இடது கை சும்மா இருக்கிறது. அதை நீட்டிக் காட்டி, இதற்கு மட்டும் உடுத்த ஒன்றுமில்லை என்றாள்.

சரி. ஒசோதெதோமே. மணிக்கட்டில் கட்டும் லேஸ் வளையம். உள்ளங்கையளவு பொருள்தான், தைக்க அரை மீட்டர் லேஸ் தாராளம்.

ஜூன் 8, ஞாயிறு

நிப்போரி துணித் தெரு. டோர்ஷன் லேஸ் சுருள் சுருளாகத் தொங்குகிறது. பருத்தி, உறுத்தாது. நைலான் பளபளப்பு லேஸை அவள் தொட்டுக்கூடப் பார்க்கமாட்டாள். ஒரு சுருளைக் கையில் எடுத்ததும் இடையன்குடி பெரியம்மா நினைவு. திண்டு மேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு அவர் பின்னுவதைத்தான் இந்த இயந்திரம் பார்த்துச் செய்திருக்கிறது. வலை அதே, விசிறி விளிம்பும் அதே. 1820-களில் மிஷனரி மனைவி மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. அவர் மகள் எலைசா 1844-ல் கால்டுவெல்லைக் கட்டிக்கொண்டு இடையன்குடிக்குப் போனபோது கூடவே போனது. இதை வைத்துக்கொண்டு நான் ஏன் நிப்போரியில் அலைகிறேன்?

வாங்கவில்லை. அம்மாவுக்குப் போன்.

ஜூன் 9

பெரியம்மாவுக்குக் கண் சரியில்லை, இப்போது பின்னுவதில்லையாம். பழைய டிரங்குப் பெட்டியில் ஒரு கஜம் கிடக்கிறது என்றாள் அம்மா.

ஜூன் 11, புதன்

என்ன வெள்ளை?

இதை அம்மாவுக்குப் புரியவைக்க முடியவில்லை. வெள்ளைன்னா வெள்ளைதான மக்களே என்கிறாள். இல்லை. இந்தக் கூட்டத்தில் ஷிரோ என்கிற வெள்ளை வேறு, ஆஃப் வொயிட் வேறு, வெளுக்காத பருத்தியின் பழுப்பு கலந்த கினாரி வேறு. ஒரே உடுப்பை ஷிரோவிலும் கினாரியிலும் தனித்தனியாக விற்பார்கள். கினாரி பிளவுஸுக்குப் பளீர் வெள்ளைக் காலுறை போட்டுவிட்டால் அன்றைக்கு முழுக்க அதுதான் கண்ணில் நிற்கும். அவளுடையது எல்லாமே கினாரி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன இரவு உடுப்பும்கூட.

வீடியோவில் அம்மா லேஸைத் தூக்கிப் பிடித்தாள். டியூப்லைட்டில் நீலம். வாசலுக்குப் போகச் சொன்னேன், வெயிலில் மஞ்சள். பக்கத்தில் ஒரு தேங்காய்ச் சில்லை வை என்றேன். சிரித்துவிட்டு வைத்தாள். தேங்காயைவிடக் கொஞ்சம் பழுப்பு. கினாரியேதான்!

ஜூன் 12

அனுப்பியாயிற்று. ஸ்பீடு போஸ்ட்.

ஜூன் 15, ஞாயிறு

அவளிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. செய்தி படித்ததாகவும் காட்டவில்லை.

வளையத்தை ரிப்பனால் முடிவதா, எலாஸ்டிக்கா? ரிப்பன் என்றால் அதே வண்ணத்துப்பூச்சி. உறையில் ஆகாதது உடுப்பில் ஆகுமா? யாரிடம் கேட்பது? எலாஸ்டிக் என்றால் ஊசி போடும்போது சட்டென்று கழற்றலாம். எலாஸ்டிக்.

ஜூன் 16

பதில் வந்தது. ஒரு முயல் ஸ்டிக்கர், அவ்வளவுதான். மதியம் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 17

சுங்கத்தில் நிற்கிறது என்று காட்டுகிறது.

ஜூன் 19, வியாழன்

பார்சல் வந்தது. பிரித்தேன். நீலம்.

வெளிச்சத்தின் கோளாறு இல்லை, நிஜ நீலம். “அழுக்குப் பிடிச்சாப்ல இருந்து மக்களே, வெளிநாட்டுப் பிள்ளைக்கு அப்படியே குடுக்கலாமா? அதான் ரெண்டு சொட்டு நீலம் விட்டு அலசினேன்.” அம்மாவை என்ன சொல்ல! கூடவே ஒரு பொட்டலம் முந்திரிக்கொத்து வேறு.

ஆனால் பின்னல்! நிப்போரி லேஸ் இதன் பக்கத்தில் நிற்காது. விசிறியில் ஒரு இடத்தில் நூல் தீர்ந்து புது நூல் கோத்திருக்கிறார் பெரியம்மா, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிறது.

ஜூன் 20

வினிகர் தண்ணீரில் இரவு முழுக்க. நீலம் பெரும்பாலும் போய்விட்டது. இப்போது ஷிரோ.

ஆபரேஷன் தேதியை முன்னால் கொண்டுவந்துவிட்டார்களாம். செவ்வாய்.

ஜூன் 21, சனி

கட்டஞ்சாயா. திரும்பக் கினாரி ஆக்க. டீத்தூளைக் கொதிக்கவைத்து வடிகட்டி, உப்புப் போட்டு, ஓரத்தில் வெட்டிய துண்டை முக்கினேன். அதிகம் ஊறியது சாக்லேட் பக்கம் போய்விட்டது. அடுத்ததைச் சட்டென்று எடுத்து அலசினேன். சரியாக வந்த மாதிரிதான் தெரிகிறது, ஆனால் ஈரத்தில் நிறத்தை நம்ப முடியாது. இந்த மழையில் எப்போது காய? ஹேர் டிரையர் போட்டால் சுருங்குமா என்று அம்மாவிடம் கேட்கணும். எலாஸ்டிக் இன்னும் வாங்கவில்லை, நிப்போரி நாளை திறந்திருக்குமா?