படத்துக்கும் லேசருக்கும் நடுவே

விழித்திரையைப் படம் எடுக்கப் பத்து நிமிடம் போதும். அந்தப் படத்தில் தெரிந்த கோளாறுக்கு லேசர் சிகிச்சை கிடைக்கப் பல மாதம் ஆகலாம். ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களிடையே சர்க்கரைக் கண்நோய்க்கான (சர்க்கரையால் விழித்திரை கெடும் நோய்) சிகிச்சை விகிதம் குறைவு என்று அறிக்கைகள் சொல்வதன் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்த இடைவெளிதான்.

2008-ல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில், 40 வயதைத் தாண்டிய பூர்வகுடியினரில் 37% பேர் தங்களுக்குச் சர்க்கரை இருப்பதாகச் சொன்னார்கள். அவர்களில் முந்தைய ஓராண்டுக்குள் கண்ணைக் காட்டியவர்கள் 20%தான். 2015-16 கணக்கெடுப்பில், உரிய இடைவெளியில் காட்டியவர்கள் பாதிக்குச் சற்று மேலே வந்திருந்தார்கள். மற்ற ஆஸ்திரேலியர்களில் அது நான்கில் மூன்று பங்குக்கும் மேல். ஆனால் இரண்டு எண்ணும் ஒரே அளவுகோலில் எடுத்தவை அல்ல. பூர்வகுடியினர் ஆண்டுக்கு ஒருமுறையும் மற்றவர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறையும் பார்க்க வேண்டும் என்பது அந்நாட்டு வழிகாட்டுதல்.

சிகிச்சை விகிதத்தைப் படிக்கும்போது கீழே என்ன எண்ணை வைத்து வகுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். கணக்கெடுப்பில் குழுவே ஊருக்குப் போய் எல்லார் கண்ணையும் பார்க்கிறது. யாருக்கு லேசர் தேவையாயிருந்தும் கிடைக்கவில்லை என்பது அதில் தெரியும். கிளினிக்கின் கணினியில் எடுத்த விகிதத்தில், படமே எடுக்காதவர் கணக்கிலேயே வரமாட்டார். பரிசோதனை மோசமாக நடக்கும் ஊரில் சிகிச்சை விகிதம் அழகாகத் தெரிவது இப்படித்தான்.

இனி படம். 45 பாகைக் கேமரா, ஒரு கண்ணுக்கு இரண்டு படம்: ஒன்று மாக்குலாவை (விழித்திரையின் நடுப்பகுதி) நடுவில் வைத்து, மற்றது பார்வை நரம்புத் தட்டை நடுவில் வைத்து. அதற்கு முன் பார்வை அளவு. எழுத்துப் பலகை பழகாதவர்களுக்கு 'ஈ' வடிவம் திரும்பித் திரும்பி நிற்கும் பலகை வசதி. குறைந்தால் ஊசித்துளை வைத்து மறுபடி பார்க்க வேண்டும். கண்ணாடி மாற்றினால் சரியாகிற குறையா, இல்லையா என்பது அதில் பிடிபடும்.

சொட்டு மருந்து இல்லாமல் எடுக்கிற கேமராவுக்குக் கண்பாவை ஏறத்தாழ 4 மில்லிமீட்டராவது விரிந்திருக்க வேண்டும். சர்க்கரை பல வருடம் ஆனவர்களுக்கு அது இருட்டிலும் சரியாக விரியாது. ஜன்னலை நன்றாக மூடி, அறையை இருட்டாக்கி, சில நிமிடம் உட்கார வைத்த பிறகே முதல் படம். ஒரு கண்ணில் ஃபிளாஷ் அடித்தால் இரண்டு கண்பாவையும் சுருங்கும். அவசரப்பட்டு அடுத்த கண்ணுக்குப் போனால் கறுப்புப் படம்தான் மிஞ்சும். அப்படியும் வராவிட்டால் கண்பாவையை விரிக்கும் ட்ரோபிகமைடு ஒரு சொட்டு, 15-20 நிமிடம் காத்திருப்பு. சில மணி நேரம் பார்வை கூசும் என்பதால், எப்படித் திரும்பப் போகிறார், வண்டியை யார் ஓட்டுவார் என்று சொட்டு விடுவதற்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. எல்லார் படத்திலும் ஒரே இடத்தில் ஒரே வெள்ளைப் புள்ளி வந்தால் அது நோயால் விழித்திரையில் படியும் கொழுப்புக் கசிவல்ல, லென்ஸில் தூசி. கண்புரையால் மங்கிய படத்தை 'தெளிவில்லை' என்று மூடி வைக்கக் கூடாது. தெளிவில்லாத படமே மேல் பரிசோதனைக்கு அனுப்பக் காரணம்தான்.

அடுத்தது பலர் கவனிக்காத ஓட்டை. 2016 நவம்பரில் ஆஸ்திரேலிய அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேரில் 12325 என்ற கட்டண எண் வந்தது. சர்க்கரைக்கு வைத்தியம் பார்க்கும் பொது மருத்துவரே பூர்வகுடி நோயாளிக்கு ஆண்டுக்கொரு முறை இந்தப் படத்தை எடுத்துப் பணம் பெறலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் கண்நோய் ஏற்கெனவே கண்டறியப்பட்டவருக்கு அது பொருந்தாது. ஆகவே கோளாறு தெரிந்த அன்றே அவர் ஆண்டுப் பட நினைவூட்டலிலிருந்து கழன்றுவிடுகிறார். கண் மருத்துவரின் பட்டியலில் பெயர் ஏறியிருந்தால் சரி. பரிந்துரைக் கடிதம் எங்காவது நின்றுபோனால், நோய் உள்ளவர்தான் எந்தப் பட்டியலிலும் இருக்கமாட்டார்.

கடிதம் போய்ச் சேர்ந்தாலும் ஆள் போய்ச் சேர வேண்டுமே. கண் மருத்துவர் அந்த வட்டாரத்துக்கு வருடத்தில் சில தடவைதான் வருவார். அந்த வாரம் ஊரில் சாவு விழுந்தால் யாரும் வரமாட்டார்கள், வரவும் கூடாது. துக்கம் அங்கே நாள்கணக்கில் போகும். வடக்கே மழைக்காலத்தில் சாலை அடைபடும். சிறுநீரகம் கெட்டவருக்கு வாரம் 3 நாள் டயாலிசிஸ். கண் கிளினிக்கை திங்கள், புதன், வெள்ளியில் மட்டும் வைத்தால், அதே நாள்களில் இயந்திரத்தில் படுப்பவர் எப்போதும் 'வரவில்லை' என்றே பதிவாவார். அந்த ஒரு சொல்லை வைத்து அவருக்கு அக்கறை இல்லை என்று முடிவு கட்டுவது அநியாயம். மூத்தவர்களை 'ஆன்ட்டி', 'அங்கிள்' என்று கூப்பிடும் உள்ளூர்ப் பூர்வகுடிப் பணியாளர் ஒருவர் முந்தைய நாள் வீட்டுக்குப் போய்ச் சொல்லி, காலையில் வண்டியில் ஏற்றி வருவதற்கு ஈடாக எந்தக் குறுஞ்செய்தியும் இல்லை.

மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் ஹியூ டெய்லர் குழு 2012-ல் 42 பரிந்துரைகளோடு வெளியிட்ட திட்டம், படத்திலிருந்து சிகிச்சை வரையான இந்த வழியை ஓட்டைக் குழாய் என்றது. ஓர் ஓட்டையை மட்டும் அடைத்தால் தண்ணீர் அடுத்த ஓட்டையில் ஒழுகும். மேற்கு ஆஸ்திரேலியாவில் 2016 முதல் ஒரு பெரிய லாரியே கண் கிளினிக்காக ஊர் ஊராகப் போவதற்கு இதுதான் காரணம்.

நாற்காலியில் வந்து உட்கார்ந்தபின் எந்தச் சிகிச்சை? நகரத்து விடை, கண்ணுக்குள் போடும் ஊசி. மாக்குலா வீக்கத்துக்கு அஃப்லிபெர்செப்ட் என்ற மருந்து என்றால் முதல் 5 மாதம் மாதம் ஒன்று, பிறகு 2 மாதத்துக்கு ஒன்று. 600 கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு அது காகிதத்தில் மட்டும் நடக்கிற வைத்தியம். நோய் முற்றி விழித்திரையில் புதிய ரத்தக் குழாய்கள் முளைத்த கட்டத்தில் ஊசியை மட்டும் நம்பி, நடுவில் சில மாதம் ஆள் வராமல் போனால், குழாய்கள் திரும்ப வளர்ந்து விழித்திரையை இழுத்துவிடும். லேசர் போட்டவர் காணாமல் போனாலும் அந்தப் பாதுகாப்பு பெருமளவு நிற்கும். திரும்பி வருவது நிச்சயமில்லை என்றால் லேசரே முதலில் என்பது எங்கள் கட்சி.

மாக்குலா வீக்கத்துக்கு, மெதுவாக மருந்தை விடும் டெக்ஸாமெத்தசோன் (ஸ்டீராய்டு) குச்சி இன்னொரு வழி. 0.7 மில்லிகிராம், கண்ணுக்குள் வைத்தால் 3 மாதத்துக்கு மேல் வேலை செய்யும். கண் அழுத்தம் ஏறலாம், கண்புரை சீக்கிரம் முற்றும். அழுத்தம் அளக்க உள்ளூரில் ஆள் இருந்தால்தான் இதைத் தொடலாம். மேற்கு ஆஸ்திரேலியாவில் பூர்வகுடி நோயாளிகளிடமே இதையும் மாத ஊசியையும் ஒப்பிட்டுப் பார்த்ததன் காரணம் இந்தத் தூரக் கணக்குதான்.

லேசரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. முழு விழித்திரை லேசருக்குப் பழைய கணக்கில் ஒரு கண்ணுக்கு 1,200 முதல் 1,600 சூட்டுப் புள்ளி. புது வகை இயந்திரத்தின் குறுகிய துடிப்பில் இன்னும் அதிகம் வேண்டும். பாடப்புத்தகம் அதை இரண்டு மூன்று அமர்வாகப் பிரிக்கச் சொல்லும். இரண்டாம் அமர்வுக்கு மருத்துவரே 4 மாதம் கழித்துத்தான் வருவார் என்றால், முடிந்தவரை அன்றே முடிப்பது மேல். கூடவே மாக்குலா வீக்கம் இருந்தால் லேசர் அதைக் கூட்டும்; அதே நாளில் ஒரு ஊசியும் சேர வேண்டும். 3 மணி, 9 மணித் திசைகளில் நரம்பு ஓடுவதால் அங்கே சுருக்கென்று வலிக்கும். அவற்றைக் கடைசிக்கு வைத்து, சக்தியைக் குறைத்து, தேவைப்பட்டால் கண்ணைச் சுற்றி மரத்துப்போக ஊசி போட்டே செய்யலாம். முதல் தடவை துடித்துப் போனவர் மறு தடவை வரமாட்டார். அந்தச் செய்தி ஊருக்குள் பரவ ஒரு மாலை போதும்.

அவர் எழுந்து போவதற்கு முன் அடுத்த தேதி, எந்த ஊரில் தங்கியிருப்பார், டயாலிசிஸ் எந்தக் கிழமை, தொடர்புக்கு இரண்டாவது உறவினரின் எண் ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் எண் அடுத்த முறைக்குள் பெரும்பாலும் மாறியிருக்கும்.