மழையும் டிரானும்

நவம்பர் 3
கோத்தகிரியில் மூன்றாவது நாளாக மழை. கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கிறது. படம் வரைந்து கொடுத்ததற்கு 400 டாலர் வர வேண்டும். "யுஎஸ்டிடியாக அனுப்புகிறேன், எந்த நெட்வொர்க்?" என்று மெயில். யுஎஸ்டிடி என்பது டாலர் மதிப்பில் நிற்கும் டிஜிட்டல் காசு, நெட்வொர்க் என்பது அது போகும் தடம். எதுவானாலும் சரி என்று எழுதப் போனேன். நல்லவேளை, குன்னூர் மச்சானுக்குப் போன் போட்டேன்.

"மாப்ள, அத மட்டும் சொல்லிடாதீங்க" என்றார்.

நவம்பர் 4
எத்தீரியம், டிரான் இரண்டும் அப்படிப்பட்ட தடங்கள். எத்தீரியம் முகவரி 0எக்ஸ் என்று தொடங்கி 42 எழுத்து. டிரான் முகவரி டி-யில் தொடங்கி 34. இரண்டும் குழம்பாது. வில்லங்கம் எங்கே என்றால், பாலிகான் என்ற இன்னொரு தடத்துக்கும் அதே 0எக்ஸ் முகவரிதான். முகவரி சரியாக இருந்தும் பணம் வேறு தடத்தில் போய்விடும். இந்தக் காசை ரூபாயாக்கும் நம் எக்ஸ்சேஞ்ச் அந்தத் தடத்தை ஏற்காவிட்டால் மீட்பது பெரும்பாடு. சர்க்கிள் நிறுவனத்தின் டாலர் காசான யுஎஸ்டிசியாக இருந்தால் டிரானே கிடையாது. 2024 பிப்ரவரியில் அங்கே புதிதாக வெளியிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

எத்தீரியத்தில் நெரிசல் கூடினால் கட்டணமும் கூடும். டிரான் என்றே எழுதினேன், முதலில் 5 டாலர் மட்டும் அனுப்பச் சொல்லி.

நவம்பர் 6
வந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த 5 டாலரை அனுப்பக் கட்டணமாக எரிந்த டிஆர்எக்ஸ் (டிரானின் சொந்தக் காசு), அடுத்து வந்த 395-க்கு எரிந்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. என் வாலெட் யுஎஸ்டிடியைத் தொட்டதே இல்லை, அதனால் முதல் முறை கூடுதலாம். தொகைக்கும் கட்டணத்துக்கும் சம்பந்தமே இல்லை.

நவம்பர் 9
மழை விட்டது. டிரானில் நடக்கும் பரிமாற்றங்களை யாரும் பார்க்கக்கூடிய டிரான்ஸ்கேன் தளத்தைச் சும்மா திறந்து, பணம் அனுப்பிய முகவரியைத் தட்டினேன். பெயர் எதுவும் இல்லை. ஆனால் அன்று அங்கிருந்து கிளம்பிய தொகை எல்லாம் வரிசையாக நிற்கிறது: 650, 650, 395, 720. அந்த 395 நான்.

டீ ஆறிப்போனது. மற்றவர்களும் என்னைப்போலப் படம் வரைபவர்களோ, அச்சகக்காரர்களோ, தெரியாது. இருந்தாலும் வயிறு எரிந்தது. அப்புறம்தான் இன்னொன்று தோன்றியது. நான் பார்க்க முடிந்தால் அவர்களும் என் பக்கத்தைப் பார்க்கலாம். நாளை இன்னொருவர் 250-க்கு வேலை கொடுத்தால் அதுவும் அங்கே தெரியும். எங்கள் தெருவில்கூட சம்பளத்தை மறைத்துவிடலாம்!

மச்சானிடம் சொன்னேன். "உங்க பான் கார்டு எக்ஸ்சேஞ்ச்ல இருக்கு. விக்கும்போது ஒரு சதவீதம் டிடிஎஸ் புடிப்பாங்க, லாபத்துக்கு 30 சதவீதம் வரி. அவங்களுக்கு நீங்க யாருன்னு தெரியும். மத்தவங்களுக்குப் பேர் மட்டும்தான் தெரியாது" என்றார்.

நவம்பர் 12
இனி ஆளுக்கு ஒரு முகவரி என்று முடிவெடுத்து, காலையிலேயே புது வாலெட் தொடங்கினேன். அதிலிருந்து யுஎஸ்டிடியை நகர்த்தக் கொஞ்சம் டிஆர்எக்ஸ் வேண்டும். பழைய வாலெட்டில் இருந்தது, அனுப்பினேன்.

அனுப்பி முடித்து, பல் துலக்கும்போதுதான் உறைத்தது. இரண்டுக்கும் நடுவே நானே கோடு போட்டு வைத்திருக்கிறேன்.